காசித்தும்பைப் பாத்தி

"ஒண்ணும் வரலைம்மா. இத்தனை வருஷமாக் கண்ணை மூடி உட்கார்றேன். தினம் எழுந்திரிச்சதும் உள்ளே துழாவிப் பார்க்கிறேன், ஏதாச்சும் ஆயிருக்கான்னு. ஒண்ணுமே இல்லை."

இதைச் சொல்லும்போதே கோதண்டபாணியின் தோளில் பை தொங்கிக்கொண்டிருந்தது.

சாயந்திர பஸ்ஸில் மகன் வீட்டுக்குக் கிளம்புகிறார். போனால் திரும்பி வருவதாக இல்லை. மடத்து அறைச் சாவியைச் சௌந்தரம்மாவிடம் நீட்டினார்.

சௌந்தரம்மா அவருடைய குரு. வயதில் அவருக்கு மகள் மாதிரி. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் கோதண்டபாணி. "பேத்தி எடுத்த வயசுல இவருக்குச் சின்னப் பொண்ணு குருவாம்" என்று டிப்போ ஆட்கள் அடித்த கேலியையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் வந்து சேர்ந்தவர்.

அம்மா சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"பஸ் சாயந்திரம்தானே? தாவரவியல் பூங்காவுக்குப் போய்ட்டு வரலாம் வாங்கய்யா. வெயில் இதமா இருக்கு."

கோதண்டபாணிக்கு மனசு பரபரத்தது. கடைசி நாள். ஏதோ சொல்லத்தான் கூட்டிப்போகிறார்.

மலைச்சரிவு முழுக்கப் பூங்கா. அம்மாவுக்கு அவசரமே இல்லை. ஒவ்வொரு மரத்தின் பெயர்ப்பலகையையும் கடைசி எழுத்துவரை படித்தார். பெரணிச் செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்குள் போய் ஈரக்காற்றை மூக்கு நிறைய இழுத்தார். குளத்து வாத்து ஒன்றோடு கொஞ்ச நேரம் சண்டை போட்டார்.

கோதண்டபாணி காதைத் தீட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

புல்வெளிக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கோதண்டபாணியும் சட்டென்று கழற்றினார்.

"நீங்க ஏன் கழட்டுனீங்க?"

"நீங்க கழட்டுனீங்களேம்மா."

"எனக்குப் புதுச் செருப்பு. கடிக்குது."

கோதண்டபாணியின் முகம் தொங்கிப்போயிற்று.

பூப்பாத்திகள் இருக்கும் பக்கம் வந்தார்கள். எல்லாப் பாத்தியிலும் பூ பொங்கி வழிந்தது. ஒன்றில் மட்டும் வெறும் மண். 'காசித்தும்பை' என்று எழுதின பலகை தனியாக நின்றது.

"இங்கேயே நில்லுங்க" என்றார் அம்மா. "அங்க சோளம் சுடறாங்க. வாங்கிட்டு வந்துடறேன்."

போய்விட்டார்.

கோதண்டபாணி பலகையைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

இத்தனை பூவையும் விட்டுவிட்டு இங்கேயா நிற்கச் சொன்னார்?

பேர் இருக்கிறது. செடி இல்லை. பேருக்குப் பின்னால் எதுவுமே இல்லை. அப்படியானால், கோதண்டபாணி என்கிற பேருக்குப் பின்னால்?

உடம்பு சிலிர்த்தது. வந்துவிட்டது! பையை இறக்கி வைத்தார். பாத்தியின் நட்டநடுவில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

"யோவ் பெரியவரே! வெளிய வாய்யா!"

தோட்டக்காரர் மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

"விதை போட்ட பாத்திய்யா அது! இப்படி மிதிச்சுத் தொலைச்சிட்டியே!"

கோதண்டபாணி துள்ளி வெளியே குதித்தார். குதித்த வேகத்தில் ஓரத்திலும் ஒரு பள்ளம் விழுந்தது.

"வெறும் மண்ணுன்னு நினைச்சேன் தம்பி."

"வெறும் மண்ணுக்கு யாராச்சும் போர்டு வெப்பாங்களா?"

அதற்குள் அம்மா இரண்டு சோளக்கதிரோடு வந்துவிட்டார். கோதண்டபாணி தவிப்போடு அவரைப் பார்த்தார்.

"இங்கே நிக்கச் சொன்னீங்களேம்மா. அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்தானே?"

"சோளக்கடையில ஒரே கூட்டம். நீங்க வேற பையோட வந்து இடிபடணுமான்னு சொன்னேன்."

தோட்டக்காரருக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

கோதண்டபாணிக்குச் சிரிப்பு வரவில்லை. வந்துவிட்டது என்று நினைத்த ஞானமும் போய்விட்டது. போதாததற்கு எத்தனை விதை நசுங்கிற்றோ. பாத்தி ஓரத்தில் குந்தினார். தன் கால் தடத்துக்குள் விரலை விட்டு மண்ணை நிமிண்ட ஆரம்பித்தார். எஞ்சினைத் திறந்து பார்க்காமல் ஒரு வண்டியையும் வெளியே அனுப்பாத விரல் அது.

அம்மா பக்கத்தில் வந்து குந்திக்கொண்டார்.

"என்னய்யா பண்றீங்க?"

"உசுரோட இருக்கான்னு பார்க்கிறேம்மா."

"பார்த்துட்டு?"

"திரும்ப மூடிடுவேன்."

"சரி."

அம்மா சோளத்தில் ஒரு கடி கடித்தார். மென்றார்.

"நாளைக்கு?"

கோதண்டபாணி பதில் சொல்ல வாயைத் திறந்தார். விரல் மண்ணுக்குள்ளேயே நின்றுபோயிற்று.

அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. சோளத்தைத் தின்றுகொண்டிருந்தார்.

மெதுவாக, ஒரு துளி மண்ணும் புரளாதபடி, கோதண்டபாணி விரலை வெளியே எடுத்தார். பக்கத்து மண்ணை உள்ளங்கையால் தள்ளித் தடத்தை மூடினார். தட்டக்கூட இல்லை.

கீழே பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து நீளமாக ஹாரன் கேட்டது.

"ஐயா, உங்க வண்டி" என்றார் அம்மா.

கோதண்டபாணி தோட்டக்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, பூவாளி எங்க வெச்சிருக்கீங்க?"