பெயரை மாற்றியவர் யார்

“அம்மை, இசக்கியப்பனை இன்னைக்கே வெளியே அனுப்பணும். இல்லேன்னா நான் போறேன்,” என்றார் அருணகிரி.

அருணகிரி தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். ஆசிரமத்துக்கு வந்து இரண்டு வருஷம். மோப்பம் பிடிக்கும் வழக்கம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அருணகிரியைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவர்தான் குரு.

“என்ன செஞ்சார்?”

“நம்ம இணையதளத்தோட பேரையே மாத்திட்டார். ‘இசக்கியப்பன் பீடம்’னு வச்சிருக்கார். இன்னைக்குத் தளம். நாளைக்கு நீங்க உக்காந்திருக்கிற இடம்.”

அம்மை தன் கைபேசியை நீட்டினார்.

“காட்டுங்க.”

அருணகிரி தளத்தைத் திறந்தார். பழைய பெயர்தான் இருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தார். அதே பெயர்.

“நான் வர்றது தெரிஞ்சு பழையபடி மாத்தியிருப்பார். ஆள் லேசுப்பட்டவர் இல்லை.”

தளத்தைக் கவனிக்கும் இசக்கியப்பனுக்கு ஆள் போனது. வந்தார்.

“பேரை மாத்துனீங்களா?”

“மாத்தினேன் அம்மை. ஆனா வெளியே யாருக்கும் தெரியாது. பக்கம் வடிவமைக்கிற மென்பொருள் என் கம்ப்யூட்டர்ல இருக்கு. அதைத் திறந்தா நான் வேலை பாக்குற தளங்களோட பட்டியல் வரும். அந்தப் பட்டியல்ல மட்டும் மாத்தினேன்.”

அம்மை அருணகிரியைப் பார்த்தார்.

“அவர் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற பேர். நீங்க எப்படிப் பாத்தீங்க?”

அருணகிரியின் முகம் சுண்டிப்போனது. எத்தனையோ பேரை இப்படி நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர். தானே நிற்பது அவமானமாக இருந்தது.

இசக்கியப்பன் மெல்லச் சிரித்தார்.

“நீங்க ஏன் மாத்துனீங்க?” என்று அவரிடம் கேட்டார் அம்மை.

“என் கம்ப்யூட்டரை யாரோ திறந்து பாக்குறாங்கன்னு சந்தேகம். இப்படி ஒரு பேர் வச்சா, ஆள் தானா உங்ககிட்ட ஓடி வருவார்னு தெரியும்.”

“எத்தனை நாள் காத்திருந்தீங்க?”

“பதினோரு நாள்.”

“அந்தப் பதினோரு நாளும் தியானம் எப்படி இருந்தது?”

இசக்கியப்பனின் சிரிப்பு நின்றது.

அருணகிரி தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“அப்போ, எங்கள்ல யார் வெளியே போகணும் அம்மை?”

“முதல்ல போய்ப் பழைய பேரை வைங்க. இவர் கம்ப்யூட்டரோட கடவுச்சொல்தான் உங்களுக்குத் தெரியுமே. இவர் பக்கத்துல உக்காந்து பாக்கட்டும்.”