மூன்றாம் மாடியில் காணாமல் போன வீடு

சென்னைக்குத் தெற்கே, பேருந்து திரும்புகிற இடத்தில், செண்பகா அடுக்ககம் என்று ஒன்று இருக்கிறது. அதில் அறுபத்து நான்கு வீடுகள். அறுபத்தோரு வீடுகளில் புத்திசாலிகள் குடியிருந்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மீதி மூன்று வீட்டுக்காரர்களைப் பற்றித்தான் இந்தக் கதை.

அவர்களில் முக்கியமானவர் கோதண்டபாணி. முப்பத்தோரு வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் போட்டு ஓய்வு பெற்றவர். ஒரு கோப்பைக்கூட அவர் தொலைத்ததில்லை, ஏனென்றால் ஒன்றையும் அவர் யாரிடமும் கொடுத்ததில்லை.

அவர் மனைவி தையல்நாயகிக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. அக்காவோடு காசிக்குப் போய்விட்டு வர வேண்டும். மூன்று தடவை டிக்கெட் எடுத்தாள், மூன்று தடவையும் ரத்து செய்தாள். முதல் தடவை, கிளம்புகிற அன்று கோதண்டபாணி குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, அதை எந்தப் பக்கம் இழுத்தால் திறக்கும் என்பதை மறந்துவிட்டார். இரண்டாம் தடவை, மூன்று விசில் வந்ததும் குக்கரை இறக்கச் சொல்லியிருந்தாள். தெருவில் போக்குவரத்துக் காவலர் ஊதிய இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு இறக்கினார். மூன்றாம் தடவை, பால் பொங்கினால் அடுப்பை அணைக்கச் சொன்னாள். ஒரு வாளித் தண்ணீரில் நன்றாகவே அணைத்தார்.

இப்போது அக்கா நாலாவது தடவையாக டிக்கெட் எடுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை ரயில்.

"இங்க பாருங்க," என்றாள் தையல்நாயகி. "ஞாயித்துக்கிழமை காலைல நான் காஞ்சிபுரம் போறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்க இந்த வீட்டுக்குள்ள இருக்கணும். வீடு நான் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கணும். நடுவுல யார்கிட்டயும் உதவின்னு போய் நிக்கக் கூடாது. அந்த ஒரு பகலைச் சமாளிச்சுட்டீங்கன்னா காசிக்குப் போறேன். இல்லன்னா எனக்கு இந்த ஜென்மத்துல காசி கிடையாது."

அவள் காசிக்குப் போக வேண்டும் என்பதில் அவளைவிடக் கோதண்டபாணிக்குத்தான் ஆசை அதிகம். மூன்று தடவையும் தன்னால்தான் கெட்டது என்ற வருத்தம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

அதனால்தான் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் நடந்த தற்சார்புப் பயிற்சிக்கு அவர் போனார். கூடவே சிநேகிதர்கள் இரண்டு பேர். ஒருவர் இரண்டாம் மாடி சபேசன். வாயைத் திறப்பதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வார், அதனால் மற்ற இரண்டு பேரும் அவரை மேதை என்று நம்பினார்கள். இன்னொருவர் தரைத்தளத்து ஃபெலிக்ஸ். மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர், யார் எதைச் சொன்னாலும் சுருதி சேர்ந்துகொள்வார்.

பயிற்சி கொடுத்தவள் ஹேமாவதி என்ற சுறுசுறுப்பான பெண். மலையேறிப் பழகியவள். வெள்ளம் வரும், மின்சாரம் போகும், நகரத்தில் இருப்பவர்களும் காட்டில் பிழைக்கிற வித்தையைக் கற்றுவைத்திருக்க வேண்டும் என்று சொல்லி, ஒவ்வொரு விதியாக விளக்கினாள். கோதண்டபாணி ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எண் போட்டு எழுதிக்கொண்டார். நடுவில் அவள் தும்மியதை நான்காவது விதியாகச் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. தையல்நாயகி ஏழு மணிக்குக் கிளம்பிப் போனாள். ஏழரைக்கு மற்ற இரண்டு பேரும் வந்து நின்றார்கள். கோதண்டபாணி வாசலிலேயே தடுத்தார்.

"நீங்க வந்தா அது உதவி ஆயிடாதா?"

சபேசன் செருமினார். "நாங்க இதுவரைக்கும் யாருக்காவது உதவியா இருந்திருக்கோமா?"

"இல்ல."

"அப்புறம் என்ன, தள்ளுங்க."

பகலை விதிப்படி கழிக்க, மூவரும் நோட்டோடு மொட்டைமாடிக்கு ஏறினார்கள். முதல் விதி, தண்ணீர் இருக்கிற இடத்தைப் பார்த்துக் கூடாரம் போட வேண்டும், ஆனால் தண்ணீரிலிருந்து நூறு தப்படி தள்ளிப் போட வேண்டும். தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஃபெலிக்ஸ் அதிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தார். நாற்பதாவது தப்படியில் கைப்பிடிச் சுவர் வந்து மொட்டைமாடி முடிந்துவிட்டது.

"இன்னும் அறுபது பாக்கி இருக்கே," என்று அவர் சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"நேராத்தான் நடக்கணும்னு விதியில இருக்கா?" என்று கேட்டார் சபேசன். நோட்டைப் பார்த்தார்கள். இல்லை. ஆகவே மூவரும் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து மீதி அறுபது தப்படியை நடந்து முடித்தார்கள். நூறாவது தப்படி தொட்டியின் குழாயடியில் வந்து நின்றது. அங்கேயே போர்வையைக் கட்டினார்கள். தண்ணீரிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, தாகம் எடுத்தால் என்ன செய்வது என்று ஃபெலிக்ஸ் மட்டும் கவலைப்பட்டார்.

இரண்டாம் விதி, சாப்பாட்டை எந்தப் பிராணிக்கும் எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். அரிசி, உருளைக்கிழங்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, சபேசன் தோளில் ஃபெலிக்ஸ் ஏறி, டிவி குடைக் கம்பத்தின் உச்சியில் பதினோரு முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். மத்தியானம் பசி எடுத்தது. சபேசன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் தோள் தர முடியாது என்றார்.

"உங்களுக்கு எட்டுதா?" என்று கோதண்டபாணியைக் கேட்டார்.

கோதண்டபாணி எம்பிப் பார்த்தார். "எட்டல."

"அப்ப சரியாத்தான் கட்டியிருக்கோம்."

இரண்டு காக்கைகள் வந்து பையைக் கிழித்தன. காக்கை பறவையா பிராணியா என்று கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. பறவைதான், அதற்கு விதியில் தடை இல்லை என்று முடிவானது. மூவரும் திருப்தியோடு அண்ணாந்து உட்கார்ந்து, வாழைப்பழம் ஒவ்வொன்றாகத் தீர்வதைப் பார்த்தார்கள்.

மூன்றாம் விதி, காய்ந்த இரண்டு குச்சிகளை உரசித் தீ மூட்ட வேண்டும். சமைக்க ஒன்றும் மிச்சமில்லை என்றாலும் விதி விதிதானே. மொட்டைமாடியில் குச்சிக்கு எங்கே போவது? ஃபெலிக்ஸ் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

"இதுல அம்பது குச்சி இருக்கு. இதைவிடக் காஞ்ச குச்சி எங்க கிடைக்கும்?"

மருந்துத் தலைகளைக் கவனமாகக் கிள்ளி எறிந்துவிட்டு, இரண்டு இரண்டு குச்சிகளாக உரசினார்கள். நாற்பத்தொன்பது குச்சிகள் ஒடிந்தன. ஐம்பதாவதன் தலையைக் கிள்ளுவதற்குள், ஃபெலிக்ஸின் கை தவறிப் பெட்டியின் பக்கத்தில் பட்டு, குபீரென்று பற்றிக்கொண்டது. சபேசன் பதறிப்போய் ஊதி அணைத்தார். "ஏமாத்து வேலை! ஒரு குச்சியில வந்த தீ செல்லாது."

நான்காவது விதிக்கு மிளகுப்பொடி கொண்டுவந்திருந்தார்கள். மூவரும் முறைப்படி தும்மினார்கள். அன்று பிசகில்லாமல் நிறைவேறியது அந்த ஒரு விதிதான்.

மணி மூன்றரை ஆயிற்று. ஆறு மணிக்கு வீட்டுக்குள் இருக்க வேண்டுமே என்று கோதண்டபாணி எழுந்தார். ஐந்தாம் விதிப்படி மின்தூக்கியை நம்பக் கூடாது, படியில்தான் இறங்க வேண்டும். செண்பகா அடுக்ககத்தில் ஏ, பி என்று இரண்டு கட்டடங்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. இரண்டுக்கும் ஒரே மொட்டைமாடி, படிக்கட்டு மட்டும் பக்கத்துக்கு ஒன்று. தொட்டியைச் சுற்றிய சுற்றில் திசை மாறி, தும்மிய தும்மலில் கண் கலங்கி, ஏ கட்டடத்தில் ஏறியவர்கள் பி கட்டடத்தில் இறங்கினார்கள்.

மூன்றாம் மாடி, இடது பக்கம் இரண்டாவது கதவு. கோதண்டபாணி சாவியைப் போட்டார். நுழையவில்லை. கதவைப் பார்த்தார். காலையில் பழுப்பாக இருந்த கதவு இப்போது பச்சையாக இருந்தது. உள்ளேயிருந்து ஓர் அம்மாள் திறந்தாள்.

"யார் வேணும்?"

"யாரும் வேண்டாம்மா," என்றார் கோதண்டபாணி கண்டிப்பாக. "இன்னைக்கு ஆறு மணி வரைக்கும் எங்களுக்கு யாருமே வேண்டாம்."

கதவு படாரென்று சாத்தப்பட்டது. மூவரும் படியில் உட்கார்ந்தார்கள்.

"நாம தொலைஞ்சு போயிட்டோம்," என்றார் ஃபெலிக்ஸ் மெல்லிய குரலில்.

சபேசன் வழக்கத்தைவிட நீளமாகச் செருமினார். "நிதானமா யோசிங்க. நாம எங்க இருக்கோம்?"

"இங்கதான்."

"நாம இங்கதான் இருக்கோம்னு நமக்கே தெரியுது. அப்ப நாம எப்படித் தொலைஞ்சவங்க ஆவோம்? இங்க இருக்க வேண்டிய எது இல்ல?"

கோதண்டபாணியின் முகம் வெளுத்தது. "என் வீடு."

"காணாமப் போனது வீடுதான்."

கோதண்டபாணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அடுப்பை அணைப்பதில் தவறலாம், தாழ் திறப்பதில் தவறலாம், இப்போது வீட்டையே தொலைத்துவிட்டார். "வீடே இல்லாம ஆறு மணிக்கு நான் எந்த வீட்டுக்குள்ள இருப்பேன்? தையல் காசிக்குப் போன மாதிரிதான்," என்று தேம்பினார்.

ஃபெலிக்ஸ் நோட்டைப் புரட்டினார். ஆறாம் விதி அதற்கென்றே எழுதினதுபோல் இருந்தது. தொலைந்தவர் இருந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. தேடுகிறவர் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

"இந்த விதி வீட்டுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று ஃபெலிக்ஸ் சந்தேகப்பட்டார்.

"ஒரு வாரமா நோட்டு அந்த வீட்டுலதான இருந்துச்சு," என்றார் கோதண்டபாணி. அந்த நினைப்பு அவருக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது.

கீழே இறங்கி, வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில் நடந்துகொண்டே வீட்டு எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "ஏ முப்பத்திநாலே! ஏ முப்பத்திநாலே!" காவலாளி ஓடி வந்தார். "சார், உங்க வீடு அந்தப் பக்கம்…" என்று தொடங்கியதும் மூவரும் காதைப் பொத்திக்கொண்டு, "உதவி! உதவி!" என்று அலறி ஓடினார்கள். அவர்களுக்கு உதவி தேவை என்று நினைத்துக்கொண்டு காவலாளியும் பின்னாலேயே ஓடினார். அவர் மூச்சு வாங்கி நிற்கும்வரை அடுக்ககத்தை நான்கு சுற்று சுற்றினார்கள்.

மணி ஐந்து ஐம்பது. தொண்டை கட்டிப்போன கோதண்டபாணி கடைசியாக ஒரு தடவை, அழுகையும் கெஞ்சலுமாகக் கூப்பிட்டார்.

"ஏ முப்பத்திநாலே! எங்கம்மா இருக்கே?"

மூன்றாம் மாடியிலிருந்து பதில் வந்தது. "என்ன?"

மூவரும் சிலையாக நின்றார்கள். "பேசுது!" என்றார் ஃபெலிக்ஸ்.

"அதுவும் தையல் குரல்லயே பேசுது," என்றார் கோதண்டபாணி. பிறகு ஓடினார். அறுபத்தேழு வயதில் அப்படி ஓடியதை அடுக்ககத்தில் யாரும் பார்த்ததில்லை. பழுப்புக் கதவு திறந்திருந்தது. அவர் உள்ளே பாய்ந்தபோது மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

பேருந்து சீக்கிரம் கிடைத்ததால் முன்னதாகவே வந்துவிட்ட தையல்நாயகி, தன்னிடமிருந்த சாவியால் திறந்துகொண்டு, காலி வீட்டில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கண்டதும் கோதண்டபாணி மூச்சிரைக்கச் சொன்னார். "தையல், வீடு தொலைஞ்சுபோச்சு. ஆனா யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல. நானே தேடிக் கண்டுபிடிச்சுட்டேன்."

அவள் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள். அணைந்திருந்தது. குளியலறையைப் பார்த்தாள். தாழ் திறந்திருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக, விட்டுவிட்டுப் போன வீடு விட்டுவிட்டுப் போன மாதிரியே இருந்தது. பகல் முழுக்க அவர் அதற்குள் காலே வைக்கவில்லை அல்லவா.

"சரி," என்றாள். "நான் காசிக்குப் போறேன்."

கோதண்டபாணி குழந்தை மாதிரி அழுதார். சபேசனும் அழுதார். ஃபெலிக்ஸ் சுருதி சேர்ந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை ரயில் ஏறியவள், கங்கையில் குளித்து, விசுவநாதரைச் சேவித்து, நாலாம் நாள் காலையில் நிம்மதியாகப் போன் செய்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"மெஸ்ல ஆச்சு."

"வீடு எப்படி இருக்கு?"

கோதண்டபாணி குரலைத் தாழ்த்தினார். "பத்திரமா இருக்கு. மறுபடி எங்கயும் போயிடக் கூடாதுன்னு நைலான் கயிறு போட்டுக் கதவை மாடிப்படிக் கம்பியோட கட்டிட்டோம். மூணு பேரும் மாத்தி மாத்திப் பிடிச்சுக்கிறோம்."

"அப்ப உள்ள எப்படிப் போறீங்க?"

"உள்ள யாரு போனா? திறந்தா ஓடிடாதா? நாங்க வாசல்லயேதான் இருக்கோம்."

காசியில் மணி அடிக்கிற சத்தம் போனில் கேட்டது.

"தையல், நீ ஒரு வார்த்தை சொல்லேன். உன் குரலுக்குத்தான் அது கட்டுப்படுது," என்று அவர் போனைச் சாவித் துவாரத்தில் வைத்தார். அவள் பெருமூச்சு விட்டாள். பக்கத்தில் அக்கா பார்க்கிறாளே என்றுகூடப் பார்க்காமல், "நான் வர்ற வரைக்கும் சமர்த்தா இரு," என்று வீட்டிடம் சொன்னாள்.

கோதண்டபாணி கதவில் காதை வைத்துக் கவனித்தார். பிறகு போனை எடுத்தார்.

"ஒத்துக்கிச்சு. ஆனா வரும்போது அதுக்கும் ஒரு சொம்பு கங்கைத் தண்ணி வேணுமாம்."