ஏழாவது மாடியில் யார் முதலில் இறங்குவது

ஒசாகாவில் எங்கள் கம்பெனிக்கு ஒரு கிளை உண்டு. ஊரிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அந்த நாட்டுப் பழக்கவழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று தேடினார்கள். கடைசியில் மகுடபதியாகிய என்னைப் பிடித்துப் போட்டார்கள். நான் அங்கே போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் யாரும் திருப்பி அனுப்பவில்லை. என் தகுதி அவ்வளவுதான்.

வந்தவர்கள் மூன்று பேர். நாசரேத் எபனேசர், விருத்தாசலம் கவியரசன், பொள்ளாச்சி பூபதிராஜா. பம்பு வடிவமைக்கும் இன்ஜினியர்கள், கணக்கில் புலிகள். சொன்னால் சொன்னபடி செய்கிறவர்கள். நான் சொல்வதை ஒருவர் அப்படியே கேட்டு நடந்தால் என்ன ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. என் வீட்டில் அதற்கு வாய்ப்பே வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கிளைத் தலைவர் ஹோரிகாவா மூவரையும் பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் மூவரும் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான், பக்கத்து ஸீட்டில் நானும்.

முதல் நாளே பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். "இந்த ஊர்ல உள்ள நுழையறதுக்கு முன்னாடி ஷூவைக் கழட்டிடணும்" என்றேன். எதற்குள் என்று சொல்லவில்லை. அதுவா முக்கியம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ரயில் வந்தது. மூவரும் நடைமேடையிலேயே ஷூவைக் கழற்றி, அழகாக வரிசைப்படுத்தி வைத்துவிட்டு, பயபக்தியோடு உள்ளே ஏறினார்கள். ரயில் கிளம்பிவிட்டது.

"திரும்பி வர்ற வரைக்கும் அங்கயே இருக்குமா?" என்று கேட்டான் கவியரசன்.

"இருக்கும்ல. நம்மூரு கல்யாண மண்டபமா, காணாமப் போவதுக்கு?" என்றான் எபனேசர்.

இருந்தது. நிலைய ஊழியர் ஒருவர் ஷூக்களைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். குனிந்து வணங்கி நீட்டினார். அங்கேதான் என் இரண்டாவது பாடம் வேலையைக் காட்டியது. யாராவது குனிந்து வணங்கினால் அவரைவிட ஒரு தடவை கூடுதலாகக் குனிய வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். இவர்கள் குனிந்தார்கள். அவர் பதிலுக்குக் குனிந்தார். இவர்கள் அதற்கு மேல் ஒன்று. அவரும் நல்ல மனிதர், விடவில்லை. ரயில்கள் வந்தன, போயின. அவருக்கு டூட்டி முடிந்து அடுத்த ஊழியர் வந்தார். அவர் புதுத் தெம்போடு ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் மூவர் இடுப்புக்கும் தைலம் தேய்த்துவிட்டது நான்தான்.

வியாழக்கிழமை லிஃப்ட் பாடம். ஹோரிகாவாவின் அறை ஏழாவது மாடியில் இருந்ததால் அது அவசியமாகப் பட்டது. "லிஃப்ட்ல யாரு ரொம்ப ஜூனியரோ, அவன்தான் பட்டன் பக்கத்துல நிக்கணும். கதவு மூடாம அழுத்திப் பிடிச்சுக்கணும். எல்லாரும் இறங்கின பிறகு அவன் கடைசியா இறங்கணும்." இதில் கோளாறு வர வழியே இல்லை என்று நம்பி நிம்மதியாகத் தூங்கினேன். என் நம்பிக்கையைப் பற்றி இனிமேலாவது நான் கவனமாக இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பத்து மணி ஆகப்போகிறது. ஹோரிகாவா தேநீரோடு உட்கார்ந்துவிட்டார். இவர்களைக் காணோம். பூபதிராஜாவுக்கு போன் போட்டேன்.

"எங்கடா இருக்கீங்க?"

"ஏழாவது மாடிலதானுங்ணா. வந்து ரொம்ப நேரமாச்சுங்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். லிஃப்ட் கதவு ஆவென்று திறந்திருந்தது. ஒரே பட்டனில் மூன்று கட்டைவிரல்கள்.

"நான்தாம்ல ஜூனியர். வயசுல சின்னவன் நான். நீங்க ரெண்டு பேரும் எறங்குங்க" என்றான் எபனேசர்.

"வயசு கணக்கில்ல. ஆபீஸ்ல கையெழுத்து போடறப்ப பேனா எங்கிட்டதான் கடைசியா வந்துச்சு" என்றான் கவியரசன்.

"அதெல்லாம் பாத்தா ஆகுமுங்களா? அனுபவத்த வெச்சுத்தான் ஜூனியர். எனக்குத்தான் சுத்தமா ஒண்ணுமே தெரியாது" என்றான் பூபதிராஜா.

"எனக்கு அதுகூடத் தெரியாதுல" என்றான் எபனேசர்.

நான் உள்ளே பாய்ந்தேன். "நான்தான்டா எல்லாருக்கும் ஜூனியர். பட்டனை என்கிட்ட விட்டுட்டு ஓடுங்க" என்றேன். அந்த நேரத்தில் அது பெரிய சாமர்த்தியமாகத் தோன்றியது.

மூவரும் யோசித்தார்கள். "அண்ணே ஜூனியர்னா, அவரு சொல்றத நாம ஏன் கேக்கணும்?" என்றான் கவியரசன். நியாயம்தான் என்று மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பட்டனில் இப்போது நான்கு விரல்கள்.

அப்போது ஹோரிகாவா வந்து லிஃப்ட் வாசலில் நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். எனக்கு மீனம்பாக்கமே கண்ணில் தெரிந்தது.

"உங்களில் யார் இளையவர்?" என்று நிதானமாகக் கேட்டார்.

"நான்" என்றோம் நால்வரும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "என் அறைக்கு வருகிற எல்லாரும் நான் பெரியவன், நான் பெரியவன் என்றுதான் சொல்வார்கள். நான் சிறியவன் என்று சண்டை போடுகிறவர்களை இன்றுதான் பார்க்கிறேன். மூவருக்கும் வேலை நிரந்தரம்."

எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஹோரிகாவா என் பக்கம் திரும்பினார். "நீங்களும் இளையவர்தானே?"

"ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"உங்கள் வேலைக்கும் ஆபத்தில்லை. திங்கட்கிழமை முதல் நீங்கள் பயிற்சி பெறுபவர். இவர்கள் மூவரும் உங்கள் வழிகாட்டிகள்."

திங்கட்கிழமை காலை என் வழிகாட்டிகளோடு லிஃப்டில் ஏறினேன். இப்போது ஜூனியர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. பட்டனை நான் பிடித்துக்கொண்டேன். ஏழாவது மாடியில் கதவு திறந்தது. சீனியர்தான் முதலில் இறங்க வேண்டும்.

"நீ எறங்குல."

"உன்ன வெச்சுகிட்டு நான் எப்படிப்பா சீனியர்?"

"நீங்க ரெண்டு பேரும் இருக்கறப்ப நான் காலெடுத்து வெக்கலாமுங்களா?"

பேச்சு இன்னும் முடியவில்லை. என் கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது. ஏழாவது மாடிக்கு வேலையாக வருகிறவர்கள் தயவுசெய்து படியில் ஏறி வாருங்கள்.