செப்புக்குடத்து நிறம்

கண்ண மூடிக்கோ. ஆனா நான் நிறுத்தற இடத்துல "ம்" கொட்டணும். கொட்டலேன்னா கதை அங்கயே நின்னுடும், சொல்லிட்டேன்.

ஒரு ஊர்ல ஒரு குளம். ஒரே ஒரு குளம்தான். சுத்தி மதில், மதிலுக்கு ஒரே வாசல். அந்த ஊரு ஜனம் ஒரே இடத்துலேர்ந்து வந்தவங்க இல்ல. எந்தக் காலத்துலயோ சில பேரு மலையிலேர்ந்து இறங்கி வந்தாங்க, சில பேரு மாட்ட ஓட்டிக்கிட்டு வடக்கேர்ந்து வந்தாங்க, சில பேரு கடலோரமாவே நடந்து வந்தாங்க. ஆளுக்கொரு பேச்சு. அப்புறம் பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்து, பேச்செல்லாம் கலந்து ஒரே பேச்சாயிடுச்சு. நிறம் மட்டும் அப்படிக் கலக்கல. ஒரே வயித்துல ஒண்ணு கறுப்பா பொறக்கும், ஒண்ணு செவப்பா பொறக்கும். யாரும் அதப் பெரிசா நெனக்கல.

ம்?

அந்த ஊர்ல உலகாயின்னு ஒருத்தி. மாநிறம். புருஷன் இல்ல, ரெண்டு பொண்ணுங்க. மூத்தவ செவந்தி, பேருக்கேத்த செவப்பு. சின்னவ காயா, மழைக்கு முன்னாடி வானம் இருக்குமே, அந்தக் கறுப்பு. அந்தச் சின்னதுதான் உலகாயிக்கு உசிரு.

அப்போ மழை பொய்ச்சுது. ஒரு வருஷம் இல்ல, வருஷா வருஷம். குளத்துத் தண்ணி அடியில போயிடுச்சு. நாட்டாமை பாத்தாரு, எல்லாருக்கும் பத்தாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அப்போ சொன்னாரு, "இந்த மண்ணுக்கு மொதல்ல வந்தவங்க செப்பு நிறம். எங்க தாத்தா சொல்லியிருக்காரு. அவங்க வம்சத்துக்குத்தான் தண்ணி."

தாத்தா சொன்னாராம்! தாத்தாவுக்கு யாரு சொன்னான்னு ஒரு ஆளுகூடக் கேக்கல.

கோயில்ல ஒரு பழைய செப்புக்குடம் கெடந்துது. அத எடுத்து வாசல்ல தொங்கவிட்டாங்க. குடத்துப் பக்கத்துல கைய நீட்டணும். குடத்தவிடக் கறுப்பா இருந்தா வெளிய. உள்ள போனவங்க அங்கயே குடிக்கணும், ஒரு சொட்டு வெளிய எடுத்துட்டு வரக்கூடாது.

குடம் அப்போ களிம்பேறி கறுத்துப் போயிருந்துது. அதனால முக்கால்வாசிப் பேரு உள்ள போயிட்டாங்க. காயா மாதிரி கொஞ்சம் பேருதான் வெளிய, விடியக்காலம் தழையில படியற பனிய நக்கி உசிரப் புடிச்சுக்கிட்டு. உள்ள போனவங்க "நமக்கென்ன வந்துது"ன்னு குடிச்சாங்க, வாயத் தொடச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனாங்க.

உலகாயி சும்மா இருப்பாளா? அரிசி மாவும் மஞ்சளும் எண்ணெயில கொழச்சு காயா மேல அப்பினா. வெயில்ல வரிசையில நிக்க நிக்க, வேர்வை வழிஞ்சு, மாவு கோடு கோடா எறங்கிடுச்சு. காவக்காரன் கெக்கெக்கேன்னு சிரிச்சு வெரட்டிட்டான்.

அப்புறம் இன்னொண்ணு நெனச்சா. அந்த ஊர்ல கொழந்தை பொறந்தா நாக்குல தண்ணி தொட்டு வெச்சு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. ரொம்பப் பழைய பேச்சு. யாருக்கும் அர்த்தம் தெரியாது. கறுப்பு வீட்லயும் அதேதான், செவப்பு வீட்லயும் அதேதான். உலகாயி வாசல்ல நின்னு அதச் சத்தமா சொன்னா. "எம்பொண்ணுக்கும் இதத்தான் சொன்னேன். ஒங்களுக்கும் ஒங்கம்மா இதத்தானே சொன்னாங்க?"

நாட்டாமை உதடு தானா கூடவே அசைஞ்சுது. எல்லாரும் பாத்தாங்க. ஆனா அந்த மனுஷன் என்ன சொன்னாரு தெரியுமா? "வாயி எதையும் கத்துக்கும். தோலு கத்துக்குமா?"

ம் சொல்லு. ஆங்.

அந்தக் குடம் சாமி குடமில்லையா? சாமி குடத்தப் பொழங்கறதுக்கு முன்னாடி புளி போட்டு விளக்கணும், அது அந்த ஊரு வழக்கம். காவக்காரன் தெனம் காலையில சர்ரு சர்ருன்னு தேச்சுட்டுத்தான் மாட்டுவான். தேக்கத் தேக்க குடம் பளபளன்னு ஆச்சு. நேத்து உள்ள போனவன் இன்னிக்கு வெளிய. ஒரு நாள் உலகாயி கையும் தோத்துப் போச்சு.

மிச்சம் செவந்திதான். அவ என்ன பண்ணினா? வாய் நெறைய தண்ணிய அடக்கிக்கிட்டு, தங்கச்சிக்குக் குடுக்கலாம்னு வந்தா. காவக்காரன் மறிச்சான்.

"ஒம்பேரு என்ன?"

அவ பேசல. கன்னம் ரெண்டும் உப்பியிருக்கு.

"கேக்கறேன்ல, பேரு என்ன?"

கண்ணுல தண்ணி வருது, வாயத் தொறக்கல. விட்டான் ஒரு அறை, படார்! வாயில இருந்த தண்ணியெல்லாம் பொளக்னு மண்ணுல. மண்ணு அத ஒரு நொடியில குடிச்சிடுச்சு.

அன்னிக்கு மத்தியானம், மதிலுக்குப் பக்கத்துல அம்மா மடியில காயா போயிட்டா. தண்ணி கேக்கக்கூட இல்ல, பாவம்.

மறுநாளும் காவக்காரன் குடத்தத் தேச்சான். செவந்தியும் வெளிய. அப்புறம் நாட்டாமை வந்தாரு, வழக்கம் போலக் கைய நீட்டினாரு.

"ஐயா, தள்ளி நில்லுங்க."

"டேய், நான்டா!"

"நீங்க சொன்ன அளவுதானுங்க."

அப்புறம் அந்தக் காவக்காரன் தன் கைய வெச்சுப் பாத்தான். அவனும் வெளிய. மதிலுக்கு உள்ள தண்ணி, வெளிய ஊரு மொத்தமும். உள்ள போக ஒருத்தரும் இல்ல.

அப்புறம் நாட்டாமையே குடத்தப் புடுங்கி எறிஞ்சாரு. டங்கு டங்குன்னு உருண்டு போச்சு. ஜனம் ஓடுது, ஒண்ணு மேல ஒண்ணு விழுது. கறுப்பு, செவப்பு, மாநிறம், எல்லாம் மாடு மாதிரி குனிஞ்சு குடிக்குது.

உலகாயி மட்டும் ஓடல. காயாவத் தூக்கிக்கிட்டு வந்து நாட்டாமை முன்னாடி நின்னா. பிள்ளை செத்து ஒரு நாளாச்சு, ஒதடெல்லாம் சாம்பல் பூத்து, மொகம் வெளிறிப் போயிருந்துது.

"பாருங்கய்யா, எம்பொண்ணு வெளுத்துட்டா. இப்ப உள்ள விடுவீங்களா?"

நாட்டாமை கையில அள்ளின தண்ணி வெரலிடுக்குல ஒழுகிப்போச்சு.

என்ன? எழுந்திருச்சாளான்னா கேக்கற? இல்ல கண்ணு. எழுந்துட்டான்னு சொல்றவங்களும் இருக்காங்க, எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. போதும், கதை படுத்துக்கிச்சு. நீயும் படு.