முதல் சிப்பியில் கிடைத்த முத்து

முன்னொரு காலத்தில், முத்துக்காக விதைநெல்லையே விற்கத் துணிந்த ஓர் அரசர் இருந்தார். மாறவேள் என்று பெயர். நல்ல மனிதர்தான். அவரைக் கெடுத்தது அதிர்ஷ்டம்.

அவருடைய கடற்கரையில் சிப்பிகளைத் திறக்காமல் குவியல் குவியலாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருந்தால் எடுத்தவருக்கு யோகம். இல்லாவிட்டால் நாற்றம்தான் மிச்சம். விளையாட்டாக ஏலம் எடுத்த அரசருக்கு முதல் சிப்பியிலேயே நல்ல பருமுத்து கிடைத்துவிட்டது. அதை மோதிரத்தில் பதித்துக்கொண்டார். பிறகு வாங்கிய குவியல்களில் உருப்படியாக ஒன்றுமில்லை. ஆனாலும் வெறும் சிப்பிகள் அவருக்கு மறந்துபோகும், மோதிரம் மட்டும் கண்ணில் படும். "இத்தனை வெறுமையாகப் போனதால் அடுத்தது முத்துதான். இப்போது விட்டால் போட்டதெல்லாம் வீண்" என்பார். பொக்கிஷ அதிகாரி பல்லவராயர் அதற்கு ஆமாம் போடுவார்.

கஜானா வற்றியதும் களஞ்சியத்து விதைநெல்லை விற்கச் சொன்னார் அரசர். பாதி நெல் வண்டியேறிப் போய்விட்டது. விகடகவி கூத்தன் மட்டும் வேண்டாம் என்று தடுத்தான். அவனைக் கண்டாலே பல்லவராயருக்கு வயிறு எரியும்.

"அரசே, இவ்வளவு தெரிந்தவர் முத்துள்ள சிப்பி ஒன்றைத் திறக்காமலே காட்டட்டும். தவறினால் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார் பல்லவராயர்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

"உத்தரவு, அரசே. தங்கள் மோதிரத்து முத்தை மட்டும் இரவலாகத் தாருங்கள்" என்றான் கூத்தன்.

மறுநாள் நூலால் கட்டிய சிப்பி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். பல்லவராயர் அதைப் பிளந்தார். உள்ளே முத்து இருந்தது.

"இது என் முத்து அல்லவா?" என்றார் அரசர்.

"ஆம், அரசே. நானே வைத்துக் கட்டினேன். உள்ளே முத்து உண்டென்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்த சிப்பி இது ஒன்றுதான். மற்ற சிப்பிகளுக்குத் தாங்கள் இதுவரை இழந்தது எதுவும் தெரியாது."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்தியபோது, முத்தில்லாத மோதிரம் தெரிந்தது. கரையில் அழுகிக் கிடந்த அத்தனை சிப்பிகளும் அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தன.

"போன நெல் திரும்புமா, கூத்தா?"

"திரும்பாது, அரசே."

அரசர் ஏலத்தை அன்றே நிறுத்தி, முத்தைக் கூத்தனுக்கே பரிசளித்தார். அவன் அதை விதைநெல்லுக்கு விற்கச் சொன்னான். நெல் வாங்க வண்டியோடு போனவர் பல்லவராயர்தான்.

களஞ்சியத்தில் மிஞ்சிய பாதி போக, வந்த நெல் இன்னும் சில வயல்களுக்கே எட்டியது. மற்றவை அந்த ஆண்டு தரிசாகக் கிடந்தன. அரசர் கடைசிவரை அந்த வெறும் மோதிரத்தைக் கழற்றவே இல்லை.