மின்னுகிற திரை

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அங்கே கண்ணாடி வைத்துக்கொள்வதில்லை. பெண்கள் நெற்றியைத் தடவிப் பார்த்துத்தான் பொட்டு வைத்துக்கொள்வார்கள். கோணலாக இருந்தால் எதிரே வருகிறவள் நேராக்கிவிட்டுப் போவாள்.

நங்கைக்கு அந்த மடம் பிடித்துப் போனதே அதனால்தான்.

மடத்துக் குருவை எல்லோரும் தாயார் என்பார்கள். நங்கையைவிட வயதில் சின்னவர். சாயங்காலம் தாயார் பேசுவதை நங்கை லேப்டாப்பில் அடித்து வைப்பாள். பழைய லேப்டாப் ஒருநாள் மூச்சை விட்டுவிட்டது. புதியதற்கு அவளே ஆர்டர் போட்டாள். எதிரில் இருப்பவர் நிழல் விழாத மங்கல் திரையாகத்தான் வேண்டும் என்று கடைக்குப் போன் போட்டும் சொன்னாள்.

வந்தது வேறு. பெட்டியைப் பிரித்து மூடியைத் திறந்தாள். கறுப்புத் திரைக்குள் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

படாரென்று மூடினாள்.

அக்காவும் அவளும் இரட்டைப் பிள்ளைகள். பெற்றவளே பேர் மாற்றிக் கூப்பிடுவாள். அக்கா கண்ணை மூடிய அன்று, கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நங்கை அழுதுகொண்டே வாசற்படி ஏறினாள். அக்கா மகள் குழலி ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"அம்மா எந்திரிச்சுட்டா! நான்தான் சொன்னேன்ல!" என்று கூடியிருந்தவர்களிடம் எல்லாம் சொன்னது.

அந்தப் பிஞ்சுக் கையைப் பிரித்துவிட்டு வெளியே வந்தவள்தான். அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. முகம் கழுவும்போதுகூட வாளித் தண்ணீரைப் பார்க்க மாட்டாள்.

கடைக்குப் போன் போட்டாள்.

"தப்பான திரை வந்திருக்கு தம்பி."

"படம் தெரியுதாக்கா?"

"தெரியுது."

"பளிச்சுனு தெரியுதா?"

"அதான் தப்பு."

அவன் சிரித்துவிட்டான். "தெரியலைனு சண்டைக்கு வர்றவங்களைப் பார்த்திருக்கேன். தெரியுதுனு சண்டைக்கு வர்றது நீங்க ஒருத்தர்தாங்க்கா. சரி, எடுத்துட்டுப் போக ஆள் வரும். பழையபடி கட்டி வைங்க."

மறுநாள் காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். தாயார் ஒரு முறம் முருங்கைக்கீரையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கீரையை உருவிக்கொண்டே கேட்டார்.

"அதுக்கு என்ன குறை?"

"திரை சரியில்ல தாயே. அணைச்சா முகம் தெரியுது."

"யார் முகம்?"

நங்கை பெட்டியின் மேல் நாடாவை இன்னொரு சுற்று ஒட்டினாள்.

தாயார் கீரையைக் கீழே வைத்தார். ஒட்டியிருந்த நாடாவைப் பிரித்தார். லேப்டாப்பை எடுத்து அவள் மடியில் வைத்துத் திறந்தார்.

"பாரு."

"வேண்டாம் தாயே."

"பாத்துட்டு அனுப்பு."

பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு?"

"அக்கா."

"நல்லா இருக்காளா?"

"இளைச்சிருக்கா. காதோரம் நரை..." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். "அக்காவுக்கு நரைக்கல தாயே. நரைக்கிற வரைக்கும் அவ இருக்கலையே."

தாயார் மறுபடி கீரையைக் கையில் எடுத்தார்.

"அழுறாளா?"

"அழுறா."

"தொடைச்சு விடு."

நங்கை முந்தானையால் திரையைத் துடைத்தாள். திரையில் இருந்த தூசிதான் போனது. திரும்பவும் துடைத்தாள். அப்புறம் அதே முந்தானையில் தன் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவள் அழுது ஓயும்வரை தாயார் கீரை உருவினார்.

"முந்தாநாள் வீட்டுலேருந்து போன் வந்துச்சே, என்னவாம்?"

"அத்தான்தான் பேசினாரு. குழலிக்கு அவ அம்மா முகம் மறந்து போகுதாம். போட்டோவைக் காட்டுனா வேண்டாங்குதாம். இந்த அம்மா சிரிச்சுக்கிட்டே இருக்கா, திட்டவே மாட்டேங்குறா, சித்தியை வந்து ஒரு தடவை திட்டிட்டுப் போகச் சொல்லுங்கனு கேக்குதாம்."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. போனை வச்சுட்டேன்."

"ஏன்?"

"போனா, அம்மானு வந்து கட்டிக்கும் தாயே. அந்தக் கையை இன்னொரு தடவை பிரிக்க எனக்குத் தெம்பு இல்ல."

"பிரிக்கச் சொன்னது யாரு?"

நங்கை நிமிர்ந்து பார்த்தாள். தாயார் அவளைப் பார்க்கவில்லை. கீரையில் கிடந்த காம்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

"அக்கா, லேப்டாப்பு திருப்பி அனுப்பணும்னீங்களாமே? கட்டியாச்சா?"

நங்கை மடியில் இருந்ததையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அனுப்பிடவா தாயே?"

"அனுப்பு. நமக்கு மங்கல் திரையே போதும்."

நங்கை மூடியில் கை வைத்தாள்.

"இரு. மூடாதே," என்றார் தாயார். "அழுததுல பொட்டு கலைஞ்சிருக்கு."

நங்கை வழக்கம்போல நெற்றியை அவர் பக்கம் நீட்டினாள். தாயாரின் கை கீரையை விட்டு எழவில்லை.

"அதுல பாத்து நீயே சரி பண்ணிக்க. இப்படியே போய் நின்னா குழலிப் புள்ள பயந்துக்கும்."