நாலு மஞ்சள் கோடு

"எதுக்கு அம்மிணி கழட்டோணும்? காரணத்தைச் சொல்லு, கழட்டறேன்!"

நாச்சிமுத்து போட்ட சத்தத்தில் பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தெய்வானை ஸ்டூலில் உட்கார்ந்து, கையிலிருந்த கிரீஸைத் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கூத்தைக் கேளுங்கள். நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் நூல் மில்லில் மெஷின்களைக் கட்டி மேய்த்தவர். ஒரு அதட்டல் போட்டால் ஒரு ஷிப்டே கப்சிப். தெய்வானைக்கு முப்பத்திரண்டு. சிங்காநல்லூரில் பழைய கார்களைச் சரிசெய்கிற ஷெட் அவளுடையது. "வேலை கத்துக்கொடு, என் வண்டியை என் கையாலயே சரி பண்ணோணும்" என்று அவளிடம் வந்து நின்றவர் இவர்தான். யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை.

வண்டி, ரெண்டே பேர் உட்காருகிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். நாற்பது வருஷத்துப் பழசு.

இருபது வருஷத்துக்கு முன்னால் வால்பாறையிலிருந்து இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. தடுப்புச் சுவரில் உரசித்தான் நின்றது. பக்கத்தில் இருந்தது அவர் மனைவி சுலோச்சனா. அவள் கதவைத் திறந்து இறங்கினாள். மலை அடிவாரம் வரை நடந்தே வந்தாள். அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறவில்லை. வண்டியும் தார்ப்பாய்க்குள் போய்விட்டது.

இந்த வருஷம்தான் கொஞ்சம் மனசு இறங்கினாள்.

"அந்த ஷெட்டுக்காரப் புள்ள சரின்னு சொல்லட்டும். அடுத்து வர்ற ஞாயித்துக்கிழமை ஏறறேன்."

அதற்காகத்தான் பதினோரு நாள் உழைப்பு. நாலு சக்கரத்துக்கும் நடுக்குடமான பழைய ஹப்பைக் கழட்டிக் கனமான புது ஹப். பெரிய பெரிய பிரேக் டிஸ்க். பிரேக் ஆயிலில் ஒரு பொட்டுக் காற்று இல்லை. பெடலை மிதித்தால் கல்லு மாதிரி நிற்கும்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஹப்பைப் பிடித்திருக்கிற பெரிய நட்டை டார்க் ரெஞ்சால்தான் முறுக்க வேண்டும். சரியான இறுக்கம் வந்ததும் ரெஞ்ச் "டக்" என்று சொல்லும். அதைக் கேட்டபிறகு, முறுக்கினவரே நட்டிலிருந்து ஹப்புக்குச் சேர்த்து மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட வேண்டும். கோடு இருந்தால் முறுக்கியாயிற்று. அதன்மேல் யாரும் யாரையும் கேள்வி கேட்கக் கூடாது.

அன்று காலை தெய்வானை வண்டியைச் சுற்றி வந்தாள்.

முதல் சக்கரத்தில் குனிந்து பார்த்தாள். கோடு இருந்தது. நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ரெண்டாவதிலும் கோடு. மூணாவதிலும் கோடு.

நாலாவது, பின்னால் இடது பக்கம். அவள் குனிவதற்கு முன்னாலேயே நாச்சிமுத்து சொன்னார்: "அங்கயும் கோடு இருக்குது பாரு அம்மிணி! நல்லாக் குனிஞ்சு பாரு!"

குனிந்து பார்த்தாள். இருந்தது. மற்ற மூன்றையும்விட நேர்த்தியான கோடு.

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நாலையும் கழட்டி மறுபடி மாட்டுங்ணா."

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. நீங்களே சொல்லுங்கள், யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

"கோடு இருந்தா கேள்வி கேக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? நீதான அம்மிணி?"

"ஆமாங்ணா."

"அப்ப என்ன தப்புக் கண்டுட்ட?"

"ஒண்ணும் காங்கலீங்ணா."

"ஒண்ணும் காங்கல! ஆனா கழட்டோணும்! பதினோரு நாளா முதுகு ஒடியறது உனக்கு விளையாட்டாப் போச்சா? நீ நடை பழக்கி விடறதுக்கு நான் என்ன நேத்து பொறந்தவனா? முப்பது வருஷம் அம்மிணி! இந்தக் கை முறுக்கின நட்டு ஒண்ணு கழண்டுதுன்னு ஒருத்தன் சொல்லியிருப்பானா?"

தெய்வானை அடுத்த விரலைத் துடைத்தாள்.

"பதில் சொல்லு!"

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சுலோச்சனா சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு இறங்கினாள்.

"தெருமுனை வரைக்கும் கேக்குதுங்க உங்க சத்தம். என்னாச்சு?"

"நல்ல நேரத்துக்கு வந்த! வண்டி சுத்தமா ரெடி. ஒரு குறை இல்ல. அம்மிணிக்குத்தான் சரின்னு சொல்ல வாய் வரலை. நீயே கேளு!"

சுலோச்சனா தெய்வானையைப் பார்த்தாள். தெய்வானை எழுந்தாள். சுவர் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். அவள் சரி என்று சொல்லாமல் அந்த ஆணியை விட்டு எந்தச் சாவியும் இறங்கினது கிடையாது.

அதை நாச்சிமுத்துவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஏறுங்கக்கா. அண்ணா ஒரு சுத்து கூட்டிட்டுப் போவாரு."

"சரியாயிருச்சா அம்மிணி?"

"அண்ணாவைக் கேளுங்கக்கா."

நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வந்தாயா வழிக்கு! கதவைத் திறந்துவிட்டார். சுலோச்சனா ஒரு நிமிஷம் தயங்கி நின்றாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். இருபது வருஷத்துக்குப் பிறகு அந்த சீட்டில். தூக்குப்போசியை மடியில் வைத்து ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவர் சாவியைப் போட்டார்.

"ஏனுங்க," என்றாள் சுலோச்சனா, மெதுவாக. "சரிதானுங்களே?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார்.

மூணு "டக்" ஞாபகம் இருந்தது.

நேற்றுச் சாயங்காலம். பிரஷ்ஷில் பெயின்ட் காய்கிறதே என்று நாலு நட்டுக்கும் முதலிலேயே கோட்டைப் போட்டார். பிறகு ஒவ்வொன்றாக முறுக்கலாம், கோடு விலகினால் மறுபடி பூசிவிடலாம் என்று நினைத்தார். மூணு முறுக்கி, விலகின கோட்டையும் பூசியாயிற்று. அப்போது போன். சுலோச்சனாதான். ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தச் சேலை கட்டட்டும் என்று கேட்டாள். சிரித்துப் பேசி முடித்துவிட்டுத் திரும்பினால், நாலு சக்கரத்திலும் நாலு கோடு.

நான் விட்டிருப்பேனா, முப்பது வருஷக் கை, என்று வீட்டுக்குப் போய்விட்டார். ராத்திரி தூக்கம் வரவில்லை.

"ஏனுங்க? கேக்கறேன்ல?"

"எறங்கு சுலோச்சனா."

"என்னங்க?"

"எறங்கி இந்தப் பக்கம் வா. பிரேக்கை மிதிச்சுப் பிடி. சக்கரம் சுத்தக் கூடாது."

டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு பின்னால் இடது பக்கம் போனார். தரையில் மண்டி போட்டார். தெய்வானை கூடவே வந்து நின்றாள். எந்தச் சக்கரம் என்று அவள் கேட்கவும் இல்லை.

நட்டில் ரெஞ்சைப் பொருத்தி அழுத்தினார்.

நட்டு நகர்ந்தது. மஞ்சள் கோடு ரெண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி ஹப்பிலேயே நின்றது. மறு பாதி நட்டோடு போனது. கால் சுற்று. அரைச் சுற்று. இன்னும் போனது.

டக்.

நாச்சிமுத்து எழுந்திருக்கவில்லை. முன்னால், பெடல் மேல் காலை வைத்தபடி சுலோச்சனா கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"இந்த நட்டு உனக்கு எப்படி அம்மிணி தெரிஞ்சுது?"

"நட்டு எனக்குத் தெரியலீங்ணா," என்றாள் தெய்வானை. "உங்க சத்தம்தான் கேட்டுச்சு."